காரணிகளைக் கண்டுபிடிக்க எந்த வழி? இணை முறை, பகாக் காரணி முறை, சல்லடை முறை: ஓர் ஒப்பீடு

ஓர் எண்ணைக் கொடுத்து அதன் காரணிகளை எழுதச் சொன்னால் எப்படி ஆரம்பிப்பது என்பதில் பலருக்குக் குழப்பம் வருகிறது. ஒன்றிலிருந்து வரிசையாக வகுத்துப் பார்க்கலாம். பகா எண்களாக உடைக்கலாம். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஒரு வரம்பு வரைக்கும் உள்ள எல்லா எண்களுக்கும் ஒரே மூச்சில் பட்டியல் போட்டுவிடலாம். மூன்றுமே சரியான வழிகள்தான். ஒன்றுக்குப் பொருத்தமான வழியை இன்னொன்றுக்குப் போட்டு மணிக்கணக்கில் திணறுவதுதான் பிரச்சினை.

அதற்கு முன் வகைப்பாட்டை ஒரு முறை பார்த்துவிடலாம். ஓர் எண்ணின் காரணிகளில் அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டுங்கள். 8-க்கு 1+2+4=7, எண்ணைவிடக் குறைவு; ஆகவே 8 குறைவெண். 12-க்கு 1+2+3+4+6=16, எண்ணைவிட அதிகம்; ஆகவே மிகையெண். 28-க்கு 1+2+4+7+14=28, அதே எண் வந்துவிடுகிறது; ஆகவே நிறைவெண். கி.பி. 100 வாக்கில் வாழ்ந்த கிரேக்கக் கணிதர் நிக்கோமாக்கஸ் எழுதிவைத்த பிரிவு இது. காரணிகளின் எண்ணிக்கையை வைத்துச் செய்வது இன்னொரு பிரிவு: இரண்டே காரணிகள் என்றால் பகா எண், இரண்டுக்கு மேல் என்றால் பகு எண். 1-க்கு ஒரே காரணி என்பதால் அது இரண்டிலும் சேராது.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

முதலில், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். காரணிகளின் முழுப் பட்டியலா, எண்ணிக்கை மட்டுமா, கூட்டுத்தொகையா, அல்லது மிகையா குறைவா என்ற ஒரு சொல் விடையா? பெரும்பாலோர் நான்குக்கும் பட்டியல் போட்டே விடை தேடுகிறார்கள். உண்மையில் பட்டியல் தேவைப்படுவது முதல் கேள்விக்கு மட்டும்தான்.

அடுத்து, ஒரே ஓர் எண்ணா, இல்லை 1 முதல் ஒரு வரம்பு வரை எல்லா எண்களுமா என்று பாருங்கள். எண் எவ்வளவு பெரியது என்பதும் முக்கியம். கடைசியாக, அந்த வழியில் பிழை எங்கே நுழையும் என்று பாருங்கள். வேகத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். பிழையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என் கணிப்பில் கையால் கணக்குப் போடுபவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இணை முறை

காரணிகள் எப்போதும் சோடியாகத்தான் வரும். 360-ஐ 8 மீதியின்றி வகுத்தால் ஈவான 45-உம் காரணிதான். ஆகவே 1, 2, 3 என்று வகுத்துக்கொண்டே போய், ஒவ்வொன்றுக்கும் அதன் சோடியையும் எழுதிக்கொள்கிறோம். வர்க்கமூலம் வந்ததும் நிறுத்திவிடலாம். 360-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 18.97, அதனால் 18 வரை பார்த்தால் போதும்:

1×360, 2×180, 3×120, 4×90, 5×72, 6×60, 8×45, 9×40, 10×36, 12×30, 15×24, 18×20.

12 சோடி, 24 காரணிகள். இடது பக்க எண்கள் ஏறிக்கொண்டும் வலது பக்க எண்கள் இறங்கிக்கொண்டும் வருவதால் பட்டியலும் கிட்டத்தட்ட வரிசையாகவே கிடைத்துவிடுகிறது. சூத்திரம் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆயிரத்துக்கு உட்பட்ட எண் என்றால் அதிகபட்சம் 31 தடவை வகுத்தால் முடிந்தது. ஒற்றைப்படை எண்ணுக்கு ஒற்றைப்படை எண்களால் மட்டும் வகுத்தால் போதும் என்பதால் வேலை பாதியாகும்.

மறைந்திருக்கும் செலவு வர்க்க எண்களில் இருக்கிறது. 16-க்குச் சோடி போட்டால் 1×16, 2×8, 4×4. இங்கே 4-ஐ ஒரு தடவைதான் எண்ண வேண்டும். 1+2+4+8=15, ஆகவே 16 குறைவெண். கவனிக்காமல் 4-ஐ இரண்டு தடவை கூட்டினால் 19 வரும், அதே எண் மிகையெண் ஆகிவிடும். ஒரு சிறு கவனக்குறைவு வகையையே மாற்றிவிடுகிறது. 1-க்குச் சோடியாக அந்த எண்ணே வருவதை நீக்க மறப்பது இன்னொரு வழக்கமான பிழை.

இன்னொரு செலவு நேரம். எண் பகா எண்ணாக இருந்தால் கடைசி வரை வகுத்துப் பார்த்தாலும் எதுவும் கிடைக்காது. 9973 நான்கு இலக்கப் பகா எண்களில் மிகப் பெரியது. அதன் வர்க்கமூலம் 100-க்குச் சற்றுக் குறைவு என்பதால் 2 முதல் 99 வரை 98 வகுத்தல்கள், அத்தனையும் வீண். நிரலில் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை: "வகுக்கும் எண்ணின் வர்க்கம் கொடுத்த எண்ணைத் தாண்டும் வரை" என்று நிபந்தனை வைக்கும்போது, 32 பிட் முழு எண்ணில் 46,341-இன் வர்க்கமே அடங்காது. எண் 214 கோடியை நெருங்கினால் நிரல் நிற்காமல் ஓடலாம், அல்லது தவறான விடை தரலாம்.

எண் சிறியது, ஒரே ஓர் எண், முழுப் பட்டியல் வேண்டும் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இணை முறைதான்.

பகாக் காரணி முறை

360 = 2³ × 3² × 5. பாடநூலில் காரணிச் செடி வரைந்து கண்டுபிடிக்கும் அதே உடைப்புத்தான். இதிலிருந்து எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் பட்டியல் இல்லாமலே வந்துவிடும்.

எண்ணிக்கைக்கு ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 4×3×2=24. கூட்டுத்தொகைக்கு (1+2+4+8) × (1+3+9) × (1+5) = 15×13×6 = 1170. இதிலிருந்து 360-ஐக் கழித்தால் 810. அது 360-ஐவிட அதிகம், ஆகவே மிகையெண்.

இது ஏன் வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் சூத்திரம் மறக்காது. 360-இன் எந்தக் காரணியை எடுத்தாலும், முதல் அடைப்பிலிருந்து ஒன்று, இரண்டாவதிலிருந்து ஒன்று, மூன்றாவதிலிருந்து ஒன்று எடுத்துப் பெருக்கியதாகத்தான் இருக்கும். 45 வேண்டுமா? 1, 9, 5 எடுங்கள். 24 வேண்டுமா? 8, 3, 1 எடுங்கள். மூன்று அடைப்புகளையும் பெருக்கி விரித்தால் ஒவ்வொரு காரணியும் ஒரே ஒரு தடவை வந்து போகும். வர்க்க எண்ணில் இரண்டு தடவை எண்ணும் ஆபத்து இங்கே கிடையாது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

இதன் வலுவைப் பார்க்க நட்பு எண்களை எடுத்துக்கொள்ளலாம். தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்று கிடைக்கும் சோடிகள் இவை. 220 = 2²×5×11, கூட்டுத்தொகை 7×6×12=504, கழித்தால் 284. 284 = 2²×71, கூட்டுத்தொகை 7×72=504, கழித்தால் 220. இரண்டு வரியில் சரிபார்த்தாயிற்று. 1184, 1210 என்ற சோடியையும் இப்படியே பார்க்கலாம்: 2⁵×37 என்பதால் 63×38=2394; 2×5×11² என்பதால் 3×6×133=2394. ஃபெர்மா, டேக்கார்ட், ஆய்லர் ஆகிய பெரும் கணிதர்கள் இவ்வளவு சிறிய இந்தச் சோடியைத் தவறவிட்டிருந்தார்கள். 1866-இல் பகானினி என்ற 16 வயது இத்தாலிய மாணவர்தான் கண்டுபிடித்தார்.

எண்ணிக்கையைப் பற்றிப் பேசும்போது இராமானுசனைச் சொல்லாமல் போக முடியாது. தனக்கு முந்தைய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி 1915-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் அப்படிப்பட்ட எண்களுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. அதன் கடைசி எண் 67,46,32,83,88,800, அதாவது 2⁶×3⁴×5²×7²×11×13×17×19×23. காரணிகள் 7×5×3×3×2×2×2×2×2 = 10,080. பதினாயிரத்துக்கும் மேற்பட்ட காரணிகளைப் பட்டியல் போட்டு எண்ண யாராலும் முடியாது. அடுக்குகளை வைத்துப் பெருக்கினால் அரை நிமிடம். அந்த அட்டவணையில் ஒரே ஓர் எண் மட்டும் விடுபட்டுப்போனது: 2,93,31,86,25,600. மேலே சொன்ன எண்ணை 23-ஆல் வகுத்தால் வருவது அதுதான். அதற்குக் காரணிகள் 5,040.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். பகு எண்ணைப் பகா எண் என்று நினைத்து நிறுத்திவிடுவது முதல் ஆபத்து. 91-ஐப் பார்த்தால் பகா எண் போலவே இருக்கும். ஆனால் அது 7×13. 364-ஐ 4×91 என்று உடைத்து அதோடு நிறுத்தினால் கூட்டுத்தொகை 7×92=644, கழித்தால் 280, குறைவெண் என்று எழுதிவிடுவோம். சரியான உடைப்பு 2²×7×13. கூட்டுத்தொகை 7×8×14=784, கழித்தால் 420. 364 மிகையெண்.

நிரலில் எழுதும்போது எதிர்ப்பக்கத்துப் பிழை வரும். சிறிய பகா எண்களால் வகுத்து முடித்தபின் கடைசியில் 1-ஐவிடப் பெரிய மிச்சம் இருந்தால் அதுவும் ஒரு பகாக் காரணிதான். 284-இல் அந்த மிச்சம் 71. அதை விட்டுவிட்டால் கூட்டுத்தொகை 504-க்குப் பதில் 7 என்று வரும்.

முழுப் பட்டியல் வேண்டும் என்றால் அடைப்புகளிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பெருக்க வேண்டும், அப்புறம் வரிசைப்படுத்த வேண்டும். சிறிய எண்ணுக்கு இது இணை முறையைவிட அதிக வேலை.

மிகப் பெரிய எண்களை உடைப்பது வேறு உலகம். 2⁶⁷−1 என்ற 21 இலக்க எண் பகா எண் அல்ல என்று பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 1876-இலேயே காட்டிவிட்டார். ஆனால் அதன் காரணிகள் 193707721, 761838257287 என்பதை 1903-இல் அமெரிக்கக் கணிதர் கோல் அறிவிக்கும் வரை யாருக்கும் தெரியாது. பகா எண்ணா என்று மட்டும் கேட்டால் காரணிகளைக் கண்டுபிடிக்காமலே விடை சொல்லும் சோதனைகள் இருக்கின்றன. கூட்டுத்தொகை வேண்டுமென்றால் மட்டுமே உடைத்தாக வேண்டும்.

எண்ணிக்கை, கூட்டுத்தொகை, வகை ஆகியவற்றுக்கு இதுவே என் முதல் தேர்வு. 9973 போன்ற எண்ணுக்குக்கூட 100-க்குள் இருக்கும் 25 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும்.

சல்லடை முறை

ஒவ்வோர் எண்ணாக எடுத்து அதன் காரணிகளைத் தேடுவதற்குப் பதிலாக, ஒவ்வொரு காரணியாக எடுத்து அதன் மடங்குகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த முறை. பகா எண்களைப் பிரித்தெடுக்கும் எரட்டோஸ்தனிஸ் சல்லடையில் மடங்குகளை அடித்துவிடுவோம் இல்லையா, இங்கே அடிக்காமல் கூட்டுகிறோம். 1 முதல் வரம்பு வரை எண்ணுக்கு ஒரு கட்டம் வைத்து, எல்லாக் கட்டத்திலும் 0 போட்டுக்கொண்டு, 4, 6, 8, 10 ஆகிய கட்டங்களில் 2-ஐக் கூட்டு. 6, 9, 12 ஆகியவற்றில் 3-ஐக் கூட்டு. இப்படியே போனால் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த எண்ணைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை நிற்கும். எல்லாக் கட்டத்திலும் 1-ஐச் சேர்ப்பதை மறக்கக்கூடாது. முதல் கட்டம் மட்டும் விதிவிலக்கு.

10 லட்சம் வரை இப்படிச் செய்தால் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் கூட்டல்கள் ஆகும். அதே எண்களுக்குத் தனித்தனியாக இணை முறையைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 66 கோடி வகுத்தல்கள். ஐம்பது மடங்கு வித்தியாசம், அதுவும் வகுத்தலைவிடக் கூட்டல் கணினிக்கு எளிது.

செலவு நினைவகத்தில். ஒரு கட்டத்துக்கு 8 பைட் என்று வைத்தால் 10 லட்சத்துக்கு 8 மெகாபைட், பெரிய விஷயமில்லை. 100 கோடிக்கு 8 கிகாபைட், சாதாரணக் கணினி மூச்சு வாங்கும். அப்போது வரம்பைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்ய வேண்டும், நிரலும் நீளும். ஓர் எண்ணைப் பற்றி மட்டும் கேட்டால் இதைத் தொடவே வேண்டாம்.

இதற்கு ஒரு மாற்று வடிவம் எனக்கு மிகவும் பிடிக்கும்: ஒவ்வொரு கட்டத்திலும் அந்த எண்ணின் மிகச்சிறிய பகாக் காரணியை மட்டும் எழுதிவைப்பது. அப்புறம் எந்த எண்ணைக் கேட்டாலும் அந்தக் காரணியால் வகுத்து, ஈவின் கட்டத்துக்குப் போய், அங்கிருக்கும் எண்ணால் வகுத்து என்று இறங்கிவிடலாம். 2²⁰ பத்து லட்சத்தைத் தாண்டிவிடுவதால், 10 லட்சத்துக்குள் எந்த எண்ணும் 19 வகுத்தல்களுக்குள் முழுசாக உடைந்துவிடும். வெவ்வேறு எண்களை மாற்றி மாற்றிக் கேட்கும் கணக்குகளுக்கு இதுதான் சரி.

வகை மட்டும் போதும் என்றால்

மிகையா குறைவா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால், பல நேரம் கூட்டவே தேவையில்லை.

6-ஐவிடப் பெரிய 6-இன் மடங்குகள் எல்லாமே மிகையெண்கள். காரணம் எளிது: அந்த எண்ணின் பாதி, மூன்றில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு ஆகிய மூன்றும் காரணிகள். அவற்றைக் கூட்டினாலே முழு எண்ணும் வந்துவிடும். அதற்கு மேல் 1 என்ற காரணி மிச்சமிருக்கிறது. ஆகவே கூட்டுத்தொகை எண்ணைத் தாண்டியே தீரும். 28-இன் மடங்குகளுக்கும் இதே வாதம். ஒரு மிகையெண்ணின் மடங்கும் மிகையெண்தான், அதனால் 20-இன் மடங்குகளும் சேரும்.

100 வரை இதைப் பொருத்திப் பாருங்கள். மொத்த மிகையெண்கள் 22. அதில் 12 முதல் 96 வரை 6-இன் மடங்குகள் 15. 20-இன் மடங்குகளில் புதிதாக வருபவை 20, 40, 80, 100. 28-இன் மடங்கு 56. ஆக 20 எண்கள் கணக்கே போடாமல் வந்துவிட்டன. மிஞ்சுபவை 70, 88 இரண்டே இரண்டு. அவற்றுக்கு மட்டும் கூட்டிப் பார்த்தால் 74, 92.

பகா எண்களும் அவற்றின் அடுக்குகளும் எப்போதும் குறைவெண்கள். 2-இன் அடுக்குகள் கூட ஒன்றே ஒன்று குறைந்து நின்றுவிடும்: 8-க்கு 7, 16-க்கு 15. ஒற்றைப்படை எண்ணில் வெவ்வேறு பகாக் காரணிகள் இரண்டுக்கு மேல் இல்லையென்றால் அதுவும் குறைவெண்தான். 3-உம் 5-உம் எவ்வளவு பெரிய அடுக்குகளில் இருந்தாலும், எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணின் 3/2 × 5/4 = 15/8 மடங்கை எட்டாது; மிகையெண்ணாக 2 மடங்கைத் தாண்ட வேண்டும்.

இந்த வழியின் செலவு என்னவென்றால், விதிகள் ஒரு பக்கம் மட்டுமே பேசும். எந்த விதியிலும் அடங்கவில்லை என்பதால் ஓர் எண் குறைவெண் ஆகிவிடாது. 70 அதற்குச் சாட்சி. "ஒற்றைப்படை எண்கள் எல்லாம் குறைவெண்கள்" என்று பலர் நம்புவதற்கும் காரணம் இருக்கிறது: 943 வரை அது பொய்ப்பதே இல்லை. 945 = 3³×5×7. கூட்டுத்தொகை 40×6×8=1920, கழித்தால் 975. முதல் ஒற்றைப்படை மிகையெண் அதுதான்.

ஒரே பார்வையில்

| | இணை முறை | பகாக் காரணி முறை | சல்லடை முறை | விதிகள் |
|---|---|---|---|---|
| எளிதாகக் கிடைப்பது | முழுப் பட்டியல் | எண்ணிக்கை, கூட்டுத்தொகை | வரம்பு முழுதுக்கும் கூட்டுத்தொகை | வகை மட்டும் |
| எத்தனை எண்களுக்கு | ஒன்றிரண்டு | ஒன்று முதல் சில நூறு வரை | வரம்பில் உள்ள அத்தனையும் | எத்தனையானாலும் |
| கையால் செய்ய | ஆயிரம் வரை சுலபம் | சில ஆயிரம் வரை சுலபம் | நூறு வரை பரவாயில்லை | மிகச் சுலபம் |
| பிழை நுழையும் இடம் | வர்க்க எண், அந்த எண்ணையே சேர்ப்பது | 91 போன்ற எண்கள், கடைசி மிச்சம் | நினைவக வரம்பு | விதியில் அடங்காத எண்கள் |

சேர்த்துப் பயன்படுத்தும்போது

தேர்வில் ஓர் எண்ணின் வகையைக் கேட்டால் முதலில் விதிகளைப் பாருங்கள். அடங்கவில்லையென்றால் பகாக் காரணிகளாக உடையுங்கள். காரணிகளைப் பட்டியலிடு என்று வெளிப்படையாகக் கேட்டால் இணை முறைக்குப் போங்கள், அப்புறம் அடுக்குகளை வைத்து எண்ணிக்கை சரியா என்று ஒத்துப் பாருங்கள். 360-க்கு 23 காரணிகள்தான் எழுதியிருந்தால் ஒன்று விடுபட்டது உடனே தெரிந்துவிடும்.

நட்பு எண்களைத் தேடுபவர்களுக்குச் சல்லடை. கூட்டுத்தொகை அட்டவணை தயாரானதும் 220-ஆவது கட்டத்தில் 284 இருக்கிறதா, 284-ஆவது கட்டத்தில் 220 இருக்கிறதா என்று பார்ப்பதோடு வேலை முடிந்தது.

நிறைவெண்களைத் தேடுபவர்கள் மட்டும் இந்த வழிகள் எதிலும் இறங்க வேண்டாம். 6, 28, 496, 8128 வரை சல்லடை உடனே தந்துவிடும். அடுத்தது 3,35,50,336. ஐந்தாவது ஒன்றுக்காக மூன்றரைக் கோடிக் கட்டங்களை நிரப்ப வேண்டியிருக்கும். அதைவிடப் பண்டைய கிரேக்கக் கணிதர் யூக்ளிட் காட்டிய வழியில் நேராக உருவாக்குவது மேல்: 2-இன் ஓர் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் பகா எண் வருமானால், அந்தப் பகா எண்ணை 2-இன் முந்தைய அடுக்கால் பெருக்கினால் நிறைவெண். 2¹³−1=8191 பகா எண்; 4096×8191 தான் அந்த ஐந்தாவது எண். 2¹¹−1=2047 என்பது 23×89, ஆகவே அங்கே கிடைக்காது. இரட்டைப்படை நிறைவெண்கள் அத்தனையும் இந்த வடிவில்தான் இருக்கும் என்று ஆய்லர் நிறுவிவிட்டார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹−1 என்ற பகா எண்ணோடு இந்த வகையில் தெரிந்த நிறைவெண்கள் 52 ஆயின. ஒற்றைப்படை நிறைவெண் ஏதாவது இருக்குமானால் அது 10¹⁵⁰⁰-ஐவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்று 2012-இல் நிறுவப்பட்டிருக்கிறது. அதனால் வரம்பை எவ்வளவு கூட்டினாலும் உங்கள் சல்லடையில் அப்படி ஒன்று மாட்டாது.